நீலகிரியில் பார்லர் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: பொறுப்புக் காப்பீடு எடுப்பது எப்படி?

ஹேர் டை ஒத்துக்கொள்ளாமல் போனால் அது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே தெரிவது அபூர்வம். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்துத்தான் நெற்றி அரிக்கும், இமை வீங்கும். அதற்குள் நம் வாடிக்கையாளர் மலை இறங்கியிருப்பார். சீசனில் ஊட்டியில் முடிக்கு நிறம் போட்டுக்கொண்டவர் பெங்களூரிலோ கோழிக்கோட்டிலோ தோல் டாக்டரைப் பார்ப்பார். பில்லைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அப்புறம் வக்கீல் நோட்டீஸ் வரும்.

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவர் வழக்குப் போட ஊட்டிக்கு வர வேண்டியதில்லை. தான் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அதற்கு அவருக்கு 2 ஆண்டு அவகாசம் உண்டு. நமக்குக் கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. பார்லரில் யாரும் 5 லட்சத்துக்கு ஃபேஷியல் செய்துகொள்வதில்லை என்பதால், நம் மேல் வரும் எந்தப் புகாரும் செலவில்லாமல் போடக்கூடியதுதான்.

அந்தச் சமயத்தில் வக்கீல் செலவையும், கொடுக்கச் சொல்லித் தீர்ப்பாகும் நஷ்ட ஈட்டையும் ஏற்பதுதான் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு. ஏஜென்ட்கள் இதை ‘புரொஃபஷனல் இண்டெம்னிட்டி’ என்பார்கள். டாக்டர், இன்ஜினியர், ஆடிட்டர் எல்லாரும் வழக்கமாக எடுப்பதுதான். நம் தொழிலில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. கோர்ஸ் முடித்துவிட்டு குன்னூரிலோ கோத்தகிரியிலோ கூடலூரிலோ முதல் கடையைத் திறக்கிற பெண்கள் நாற்காலிக்கும் கண்ணாடிக்கும் கடன் வாங்குகிறார்கள், இதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யாருடைய தலையில் விழும்?

கடை உங்களுடையது என்றால், உங்களிடம் வேலை பார்க்கிற பெண் செய்த தவறுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவராக இருந்தால், முதலாளியின் பாலிசியில் ஊழியர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தப்பில்லை, நோட்டீஸில் உங்கள் பெயரும் சேர்ந்து வரலாம்.

ஹட்டிக்கும் (படுகர் கிராமம்) ரிசார்ட்டுக்கும் போய் மேக்கப் போடுகிறவர்களுக்கும், அடுத்தவர் பார்லரில் சீட் வாடகைக்கு எடுத்து வேலை செய்கிறவர்களுக்கும் வேறு யாருடைய பாலிசியும் துணைக்கு வராது. இவர்களுக்குத்தான் சொந்தப் பாலிசி அவசரமாகத் தேவை. ஏப்ரல், மே கூட்டத்துக்காகக் கோவையிலிருந்தோ மேட்டுப்பாளையத்திலிருந்தோ இரண்டு பெண்களைத் தற்காலிகமாகக் கூட்டி வருகிற முதலாளிகள், அவர்களைப் பற்றியும் கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும். ஆண்டு முழுக்க மூன்று பேர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மே மாதம் ஆறு பேரை வைத்து வேலை பார்த்தால், கிளைம் (நஷ்ட ஈட்டுக் கோரிக்கை) வரும்போது அதுவே ஒரு கேள்வியாகும்.

கடை பாலிசி வேறு, கை வேலைக்கான பாலிசி வேறு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கடை திறந்ததும் ஏஜென்ட் கொண்டு வருவது பெரும்பாலும் ‘ஷாப்கீப்பர்ஸ்’ பாலிசி. தீ, திருட்டு, கண்ணாடி உடைவது எல்லாம் அதில் இருக்கும். ‘பப்ளிக் லயபிலிட்டி’ என்ற ஒரு பிரிவும் இருக்கலாம். அந்தப் பெயரைப் பார்த்ததும் எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். அங்கேதான் சிக்கல்.

பப்ளிக் லயபிலிட்டி என்பது கடை என்கிற இடத்தால் வரும் விபத்துக்கு. ஜூலை மழையில் நனைந்த செருப்போடு மாடிப்படி ஏறும் வாடிக்கையாளர் வழுக்கி விழுந்து கை முறிந்தால் அது அதில் வரும். பெயர்ப் பலகை காற்றில் பிய்ந்து கீழே நின்ற கார் மேல் விழுந்தால் வரும். ஆனால் சூடான வாக்ஸ் பட்டுக் கை வெந்துபோனால்? ப்ளீச்சில் கன்னம் கறுத்தால்? ஸ்மூத்தனிங்கில் முடி கொத்தாக உதிர்ந்தால்? அவை நீங்கள் செய்த வேலையால் வந்த காயங்கள். பல பப்ளிக் லயபிலிட்டி பாலிசிகளில் ‘தொழில்முறைச் சேவையால் ஏற்படும் காயம் விலக்கு’ என்று ஒரு வரி இருக்கும். ஒரு பார்லருக்கு அதிகம் வரக்கூடிய ஆபத்தைத்தான் அந்த ஒரு வரி வெளியே தள்ளிவிடுகிறது.

ஆகவே எந்த ஏஜென்ட் வந்தாலும் இதைக் கேளுங்கள்: “என் கை வேலையால் வாடிக்கையாளரின் தோலுக்கும் முடிக்கும் கண்ணுக்கும் நகத்துக்கும் காயம் ஏற்பட்டால் இந்தப் பாலிசி பணம் தருமா? பாலிசியில் அது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?” வாயால் சொல்லும் ‘எல்லாம் கவர் ஆகும் மேடம்’ போதாது. மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்குங்கள். பக்க எண்ணைச் சொல்ல முடியாதவர் அந்தப் பாலிசியைப் படித்ததில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கடை பாலிசி வேண்டாம் என்று சொல்லவில்லை. 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பொதுவான பாலிசியைப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் எல்லாம் தருகின்றன. ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் மதிப்பு வரை உள்ள சிறு தொழில்களுக்கானது. தீயோடு புயல், வெள்ளம், நிலச்சரிவும் அதில் சேரும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அது காப்பது உங்கள் நாற்காலியை, ஸ்டீமரை, கட்டடத்தை. வாடிக்கையாளரின் கன்னத்துக்கு அது பதில் சொல்லாது.

முதல் வேலை: நீங்கள் செய்வதையெல்லாம் எழுதுங்கள்

பாலிசிக்கு விண்ணப்பிக்கும் படிவத்தில் என்னென்ன சேவை தருகிறீர்கள் என்று கேட்பார்கள். ‘பியூட்டி பார்லர்’ என்று ஒரு வார்த்தையில் எழுதிவிடாதீர்கள். ஒரு தாளை எடுத்து உட்கார்ந்து முழுதாக எழுதுங்கள். த்ரெடிங், வாக்சிங், ஃபேஷியல், ப்ளீச், ஹேர் கலர், ஸ்மூத்தனிங், கெரட்டின், பெடிக்யூர், இமை முடி ஒட்டுவது, மெஹந்தி, பிரைடல் மேக்கப் என்று எல்லாமும். எதை எழுதவில்லையோ அதற்குக் காப்பு இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் புதிதாக ஒன்றைத் தொடங்கினால், தொடங்குவதற்கு முன்பே கம்பெனிக்கு எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

எழுதும்போதே எது சூட்டால் ஆபத்து, எது ரசாயனத்தால் ஆபத்து, எது தோலைக் குத்துகிற வேலை என்று குறித்து வையுங்கள். கடைசி வகைதான் விவகாரம். லேசர், மைக்ரோநீட்லிங், மைக்ரோபிளேடிங் போன்றவற்றைப் பல கம்பெனிகள் ஏற்பதில்லை, அல்லது தனிப் பயிற்சிச் சான்று கேட்டுக் கூடுதல் பிரீமியம் வாங்கும். போடாக்ஸ், ஃபில்லர் ஊசி டாக்டரின் வேலை. இரண்டு நாள் வொர்க்‌ஷாப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்து அதை பார்லரில் செய்கிறவர்களுக்கு எந்தப் பாலிசியும் காப்புத் தராது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நம் மலைக்கென்று சில ஆபத்துகள் உண்டு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். குளிரில் வெயில் உறைப்பதே தெரியாது. தொட்டபெட்டாவில் ஒரு பகல் முழுக்கச் சுற்றிவிட்டு, சிவந்த முகத்தோடு மாலையில் ப்ளீச் கேட்டு வருவார்கள். அந்த முகத்தில் ப்ளீச் போட்டால் எரியாமல் என்ன செய்யும்? டிசம்பர், ஜனவரி பனியில் தோல் வறண்டு வெடித்திருக்கும், வாக்ஸ் கத்தியில் எடுத்த உடனே இறுகிவிடும், இறுகுகிறதே என்று ஹீட்டரை ஏற்றி வைப்போம். வெந்த கைகள் அங்கிருந்துதான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டே அடுத்தவர் மேல் வையுங்கள்.

இரண்டாவது வேலை: அட்டை

பாலிசி எடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் அட்டை போடத் தொடங்குங்கள். கிளைம் வந்தால் கம்பெனியின் வக்கீல் முதலில் கேட்பது, “அன்றைக்கு என்ன செய்தீர்கள், எழுதி வைத்திருக்கிறீர்களா?” என்பதுதான். உங்களிடம் தாள் இல்லை, எதிர்த்தரப்பில் மருத்துவமனைச் சீட்டு இருக்கிறது என்றால் உங்களுக்காக வாதாட அவர்களிடம் எதுவும் இருக்காது. பாலிசி இந்த அட்டையின் மேல்தான் நிற்கிறது.

அட்டையில் முதலில் கேள்விகள். இதற்கு முன் டை போட்டு அரிப்பு வந்திருக்கிறதா? கருப்பு மெஹந்தி போட்டுப் புண் வந்திருக்கிறதா? (‘கருப்பு மருதாணி’ என்று வரும் கோன்களில் ஹேர் டையில் உள்ள அதே பி.பி.டி. ரசாயனம் இருப்பது உண்டு. அதற்குக் கொப்புளம் போட்டவருக்கு டையும் ஒத்துக்கொள்ளாது.) முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா? ஐசோட்ரெடினோயின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வாக்ஸ் போட்டால் முடியோடு தோலும் சேர்ந்து வரும். மாத்திரையை நிறுத்தி ஆறு மாதமாவது ஆகட்டும். ரெட்டினால் கிரீம் தடவுகிறாரா? சர்க்கரை இருக்கிறதா? பெடிக்யூருக்கு வருகிறவரிடம் இந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். கர்ப்பமா என்றும் கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

அடுத்து செய்த வேலை. ஒரு ஹேர் கலர் அட்டை இப்படி இருக்கலாம் (பேட்ச் டெஸ்ட் என்பது டையைத் தோலில் சிறிது தடவி, ஒத்துக்கொள்கிறதா என்று முன்கூட்டிப் பார்ப்பது):

“மே 10 மாலை, வலது காதுக்குப் பின்னால் பேட்ச் டெஸ்ட். மே 12 மாலை பார்த்தது, சிவப்பு இல்லை, அரிப்பு இல்லை என்றார். அடர் பிரவுன், டியூபின் தயாரிப்புத் தொகுதி எண் (batch no.) எழுதியது, காலாவதித் தேதி பார்த்தது. டெவலப்பர் 20 வால்யூம். வைத்த நேரம் 30 நிமிடம். நடுவில் இருமுறை கேட்டது, எரிச்சல் இல்லை என்றார். கழுவிய பின் நெற்றி ஓரம் பார்த்தது, சரியாக இருந்தது. வாடிக்கையாளர் கையெழுத்து. செய்தவர் கையெழுத்து.”

இதை எழுத இரண்டு நிமிடம் ஆகும். தொகுதி எண் எதற்கு என்றால், பொருளே கோளாறாக இருந்தால் சட்டப்படி அதைத் தயாரித்தவரும் பொறுப்பு. பெயரும் எண்ணும் உள்ள டியூபைக் காட்ட முடிந்தால்தான் அவரைக் கைகாட்ட முடியும். லேபிள் இல்லாத டப்பாவில் மலிவாக வாங்கி ஊற்றியிருந்தால் முழுப் பழியும் உங்களோடு நின்றுவிடும்.

பேட்ச் டெஸ்டுக்கு 48 மணி நேரம் வேண்டும். இரண்டு நாளில் கிளம்பிவிடும் சுற்றுலாக்காரருக்கு எப்படிச் செய்வது? ரிசார்ட் மூலம் வருகிறவர்கள் என்றால், ஊருக்கு வந்த அன்றே பேட்ச் டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லி வரவேற்பறையில் பேசி வைக்கலாம். அதுவும் முடியாவிட்டால் நிரந்தர நிறம் போட மாட்டேன் என்று சொல்லுங்கள். நரை மறைக்கத் தற்காலிக ஸ்ப்ரே இருக்கிறது, ப்ளோ டிரை இருக்கிறது, அதைச் செய்து அனுப்புங்கள். மூவாயிரம் ரூபாய் வேலை போகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். போகட்டும்.

‘எது நடந்தாலும் பார்லர் பொறுப்பல்ல’ என்று சுவரில் எழுதுவதோ அட்டையில் கையெழுத்து வாங்குவதோ உங்களைக் காப்பாற்றாது. கவனக்குறைவால் காயம் வந்தால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. ஆபத்தை விளக்கினீர்கள், கேட்க வேண்டியதைக் கேட்டீர்கள் என்பதைத்தான் அது காட்டும்.

அட்டைகளைப் பூட்டி வையுங்கள், அதில் அடுத்தவரின் உடல்நிலை இருக்கிறது. வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம் என்பதால், குறைந்தது 3 ஆண்டு வரை எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

மூன்றாவது: யாரிடம் வாங்குவது?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், டாக்டர்களுக்குப் போல ‘பியூட்டிஷியன் பாலிசி’ என்று எல்லாக் கம்பெனியின் அலமாரியிலும் தயாராக இருக்காது. சிலர் பல்வகைத் தொழில்முறையாளர் என்ற பிரிவில் இண்டெம்னிட்டி தருவார்கள். சிலர் பப்ளிக் லயபிலிட்டியிலேயே சேவையால் வரும் காயத்தையும் சேர்த்து எழுதித் தருவார்கள். இரண்டும் சரிதான், எழுத்தில் இருந்தால்.

நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியண்டல் ஆகிய நான்கும் அரசுப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள். யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னையில்தான். தனியார் கம்பெனிகளும் பல உள்ளன. தெரிந்த ஏஜென்ட் ஒருவர் பெரும்பாலும் ஒரு கம்பெனியின் பாலிசியைத்தான் காட்டுவார். புரோக்கர் பல கம்பெனிகளில் விலை கேட்டு வருவார், சட்டப்படி அவர் உங்கள் தரப்பு ஆள். இப்படி வழக்கத்தில் இல்லாத பாலிசிக்குக் கோவையில் ஒரு புரோக்கரைப் பிடிப்பதே சுலபம் என்பது என் எண்ணம். எல்லாமே போனிலும் மின்னஞ்சலிலும் முடிந்துவிடும், கீழே இறங்க வேண்டியதில்லை.

இணையத்தில் அழகுக்கலைஞர்களுக்கென்று மிக மலிவாகத் தெரியும் அமெரிக்க, பிரிட்டிஷ் பாலிசிகள் கண்ணில் படும். அவை அந்தந்த நாட்டில் வேலை செய்கிறவர்களுக்கானவை. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யிடம் பதிவு பெற்ற கம்பெனியா என்று அதன் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: நகராட்சி அல்லது ஊராட்சித் தொழில் உரிமம், உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு; இது இலவசம், பணம் கேட்பவரை நம்பாதீர்கள்), கோர்ஸ் சான்றிதழ், ஊழியர் பட்டியல், சென்ற ஆண்டு வருமானக் கணக்கு, நீங்கள் எழுதிய சேவைப் பட்டியல். ஐ.டி.ஐ.-யில் காஸ்மெட்டாலஜி படித்தவர்கள் அந்தச் சான்றிதழை மறக்காமல் கொடுங்கள்.

முன்பு ஏதாவது புகார் வந்திருந்தால் மறைக்காதீர்கள். மறைத்தது பிறகு தெரிந்தால் கம்பெனி கையை விரித்துவிடும். ஏஜென்ட்டே படிவத்தை நிரப்பித் தருகிறேன் என்றால், நிரப்பியதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இன்னொன்று, 1938-ம் ஆண்டின் இன்ஷூரன்ஸ் சட்டம் 64வி.பி. பிரிவின்படி பிரீமியம் கம்பெனிக்குப் போய்ச் சேராமல் காப்பு தொடங்காது. ‘பணத்தை அடுத்த மாதம் கொடுங்க, பாலிசி இன்னைக்கே ஆரம்பிச்சிடும்’ என்று யாராவது சொன்னால் அது நடக்காத காரியம். பணத்தைக் கம்பெனியின் பெயருக்கே கட்டுங்கள். பிரீமியத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நான்காவது: பாலிசி வந்ததும் எங்கெங்கே பார்ப்பது?

ஷெட்யூல் என்ற முதல் சில பக்கங்களில்தான் விஷயம் இருக்கும். முதலில் தொகை. ஒரு சம்பவத்துக்கு இவ்வளவு, ஓர் ஆண்டுக்கு மொத்தம் இவ்வளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். 10 லட்சம், 20 லட்சம் என்று இருந்தால் ஒரு கிளைமுக்கு 10 லட்சம் வரை, அந்த ஆண்டில் எல்லாம் சேர்த்து 20 லட்சம் வரை. வக்கீல் செலவும் பெரும்பாலும் இந்தத் தொகைக்குள்தான் அடங்கும், தனியாக வராது. அப்புறம் ‘எக்ஸஸ்’. 10,000 ரூபாய் எக்ஸஸ் என்றால், 60,000 ரூபாய் கிளைமில் முதல் 10,000 உங்கள் கையிலிருந்து போகும்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது? த்ரெடிங்கும் மேக்கப்பும் மட்டும் செய்கிறவர் குறைவாகத் தொடங்கலாம். ரசாயன வேலை செய்கிறவர் ஒரு கிளைமுக்கு 10 லட்சத்துக்குக் கீழே போக வேண்டாம் என்பேன். முகத்தில் தழும்பு என்றால் அறுவைச் சிகிச்சை வரை போகலாம். டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டல் சலூனில் முடியைத் தவறாக வெட்டியதற்கு 2021-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் 2 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இவ்வளவு தொகைக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு அதை ரத்து செய்து, திரும்ப விசாரிக்க அனுப்பியது. அந்த அளவு நமக்கு வராது. ஆனால் முடி வெட்டுகிற வேலையும் தேசிய ஆணையம் வரை போகும் என்பது அதில் தெரிகிறது.

அடுத்தது தேதி, இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இந்த வகைப் பாலிசி பெரும்பாலும் ‘கிளைம்ஸ் மேட்’ முறையில் இருக்கும். அதாவது, வேலை செய்த நாளில் பாலிசி இருந்தால் மட்டும் போதாது, கிளைம் வரும் நாளிலும் இருக்க வேண்டும். 2025 ஜூனில் பாலிசி எடுத்தீர்கள். 2026 மே மாதம் ஒருவருக்கு ஸ்மூத்தனிங் செய்தீர்கள். ஜூனில் புதுப்பிக்கவில்லை. 2027 ஜனவரியில் நோட்டீஸ் வருகிறது. ஒரு பைசா கிடைக்காது. விடாமல் புதுப்பித்திருந்தால் கிடைக்கும். ‘ரெட்ரோஆக்டிவ் தேதி’ என்று ஒன்றும் ஷெட்யூலில் இருக்கும். அந்தத் தேதிக்கு முன் செய்த வேலைக்குக் காப்பு இல்லை. கம்பெனி மாறும்போது பழைய தேதியையே தொடரச் சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் முந்தைய ஆண்டுகள் அம்போ என்று போய்விடும்.

அப்புறம் இடம். கடை முகவரி மட்டும் எழுதியிருந்தால், கல்யாண வீட்டில் செய்யும் மேக்கப்புக்குக் காப்பு இல்லை. வெளியே போய் வேலை செய்கிறவர்கள் ‘இந்தியாவுக்குள் எங்கும்’ என்று எழுதி வாங்குங்கள். நீதிமன்ற எல்லையையும் பாருங்கள். வெளிநாட்டுப் பயணிகள் வருகிற கடை என்றால், அவர்கள் தங்கள் நாட்டு நீதிமன்றத்தில் போடும் வழக்கு பெரும்பாலும் இதில் அடங்காது.

எதற்குப் பணம் வராது?

வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கு வராது. அபராதத்துக்கு வராது. வேண்டுமென்றே செய்ததற்கு வராது. வாடிக்கையாளர் கழற்றி வைத்த தோடு காணாமல் போனால் பெரும்பாலான பாலிசிகளில் வராது, அதனால் நகையை அவர் கைப்பையிலேயே போடச் சொல்லுங்கள். தொற்று நோய் பல பாலிசிகளில் விலக்கு, ஆகவே பிளேடை ஒருவருக்கு ஒன்று என்று வைத்து அவர் கண் முன்னாலேயே பிரியுங்கள். உங்கள் ஊழியருக்குக் காயம் என்றால் அதற்குத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுப் பாலிசி தனி. தமிழ்நாடு முடிதிருத்துவோர் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்தால் அதன் உதவிகள் உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும்தான், வாடிக்கையாளர் போடும் வழக்குக்கு அல்ல.

பிரைடல் வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முகூர்த்தம் காலை ஆறு மணி. பர்லியாறு பக்கம் மண் சரிந்து ரோடு மூடிவிட்டது, மேட்டுப்பாளையத்தில் காத்திருக்கும் பெண்ணுக்கு நீங்கள் போய்ச் சேரவில்லை. அவர்கள் கேட்கும் நஷ்டத்துக்கு இந்தப் பாலிசி பணம் தராது. அது உடல் காயம் இல்லை, ஒப்பந்தம் நிறைவேறாமல் போனது. இதற்கு வழி முன்பணம் வாங்கும் தாளில்தான் இருக்கிறது: சாலை மூடல், நிலச்சரிவு நேர்ந்தால் முன்பணத்தைத் திருப்பித் தருவோம், அதற்கு மேல் பொறுப்பில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மழை மாதங்களில் முந்தின இரவே போய்த் தங்குங்கள், தங்கும் செலவைக் கட்டணத்தில் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால்

முதலில் ஆளைப் பாருங்கள். வாக்ஸோ ஸ்டீமோ பட்டு வெந்தால் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் வைக்க வேண்டும். ஐஸ் கட்டி வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், மை வேண்டாம். கண்ணில் ரசாயனம் பட்டால் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருங்கள். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கூடவே போங்கள். கூடப் போவதும் முதல் சிகிச்சைக்குச் செலவு செய்வதும் மனிதத்தன்மை. அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது.

ஆனால் “தப்பு என்னுடையதுதான், எல்லாச் செலவும் நானே கட்டிடறேன்” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கம்பெனியைக் கேட்காமல் பொறுப்பை ஏற்றாலோ சமாதானத் தொகை பேசினாலோ கிளைம் நிராகரிக்கப்படலாம், கிட்டத்தட்ட எல்லாப் பாலிசியிலும் அந்த நிபந்தனை உண்டு. “இப்போது எப்படி இருக்கிறீர்கள்? டாக்டர் என்ன சொன்னார்? சீட்டை அனுப்புங்கள், எங்கள் காப்பீட்டுக் கம்பெனிக்குத் தெரிவித்து உங்களுக்குப் பதில் சொல்கிறோம்” என்று அனுப்பலாம். அதில் அக்கறையும் இருக்கிறது, அளவும் இருக்கிறது. கூகுள் ரிவ்யூவில் திட்டி எழுதியிருந்தால் அங்கே போய் வாதாட வேண்டாம், நீங்கள் எழுதுவதெல்லாம் நாளைக்கு ஆணையத்தில் சாட்சியாக வரும்.

அன்று மாலைக்குள் நடந்ததை வரிசையாக எழுதுங்கள், யார் கூட இருந்தார்கள் என்பதையும் சேர்த்து. பயன்படுத்திய டியூபையும் மிச்சக் கலவையையும் கவரில் போட்டுத் தேதி எழுதி எடுத்து வையுங்கள். கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நோட்டீஸ் வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். புகார் வரலாம் என்று தோன்றினாலே தெரிவித்துவிட வேண்டும்.

ஆணையத்திலிருந்து தபால் வந்தால் நாளை எண்ணத் தொடங்குங்கள். பதில் கொடுக்க 30 நாள், கூடுதலாக 15 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. தபால் கிடைத்த அன்றே அதை ஸ்கேன் செய்து கம்பெனிக்கு அனுப்புங்கள். வக்கீலை அவர்கள் ஏற்பாடு செய்வார்கள், அல்லது கம்பெனியின் சம்மதத்தை முன்கூட்டி வாங்கி உங்கள் வக்கீலையே வைத்துக்கொள்ளலாம். சம்மதம் இல்லாமல் கொடுத்த பீஸ் திரும்பி வராது.

கம்பெனி மறுத்தால்

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். கூடவே ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் ‘பீமா பரோசா’ தளத்திலோ 155255 என்ற இலவச எண்ணிலோ புகாரைப் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் ஏற்க முடியாததாக இருந்தாலோ இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுக் கம்பெனிகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் நடுவர்) போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. தனி ஆள் நடத்தும் கடைகளும் குறு நிறுவனங்களும் அங்கே போக முடியும், உத்யம் பதிவு கையில் இருக்கட்டும் என்று சொன்னது இதற்கும் உதவும். 50 லட்சம் ரூபாய் வரையான விவகாரங்களைக் கேட்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போய்விட வேண்டும். அங்கே போக விருப்பமில்லையென்றால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே கம்பெனி மேல் புகார் கொடுக்கலாம். பாலிசி வாங்கிய வகையில் நீங்களும் ஒரு நுகர்வோர்தான்.

கல்யாணமாகி வேறு ஊர் போகிறீர்கள், கடையை மூடுகிறீர்கள் என்றால் பாலிசியை அன்றே விட்டுவிட வேண்டாம். கடைசி மாதத்தில் செய்த வேலைக்கு இன்னும் 2 ஆண்டு வரை புகார் வரலாம். மூடிய பிறகு வரும் கிளைம்களுக்கான நீட்டிப்பு உண்டா, அதற்கு எவ்வளவு என்று கடைசிப் புதுப்பித்தலுக்கு முன்பே புரோக்கரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.